தேனும் தாதும்

தமிழில் வண்டினத்தைக் குறிக்கும் சொற்கள் பல. சுரும்பு, ஞிமிறு, தும்பி, அளி, அறுகால் என நிகண்டு நூல்கள் அவற்றை அடுக்கிக் கூறும். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் வகைப்படுத்துங்கால், தும்பியை நண்டொடு சேர்த்து நாலறிவுடைய உயிர்களுள் வைத்தார். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் என்னும் நான்கு வாயில்களும் அவற்றிற்கு உண்டு என்பது அவர் கருத்து. பூவைக் கண்டு, மணத்தால் தெளிந்து, காலால் தொட்டு, நாவால் சுவைத்து உணவு கொள்ளும் ஓர் உயிருக்கு இந்நான்கும் இன்றியமையாதன அல்லவா?

தேனீயின் உழைப்பால் நாம் பெறும் பொருள் தேன். அதன் இனிமையில் மயங்கிய நம் முன்னோர், இனியவற்றிற்கெல்லாம் அதனையே உவமை கூறினர். இனிய மொழி தேன்மொழியாயிற்று. இனிய தமிழ் தேன்தமிழாயிற்று. ஆனால், தேனீ பூவிலிருந்து கொணரும் பொருள் தேனுக்குரிய மது ஒன்று மட்டும் அன்று. அதன் பின்னங்கால்களை உற்று நோக்குங்கள். மஞ்சள் நிறத்திலோ வெண்ணிறத்திலோ சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கக் காண்பீர்கள். அதுவே பூந்தாது, மகரந்தம் என்றும் வழங்குவர். உடலைத் தாங்கி நிற்கும் பொருள்களுக்கும் 'தாது' என்றே நம் மருத்துவ நூல்கள் பெயரிட்டுள்ளன. தேனீயின் வாழ்வை ஆராயுங்கால் இப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும். தேனைப் பாடிய அளவு தாதினை நாம் பாடவில்லை. எனினும் தேனீக் கூட்டத்தின் உயிர் நிற்பது தாதினிடத்தேதான்.

இவ்வுண்மையை நான் நூல்களில் மட்டும் கற்றேனல்லேன். என் வீட்டுப் புறக்கடையிலும் கற்றேன். நான் வாழும் ஊர் சடையங்குப்பம். சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூருக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் அண்மையில் அமைந்த சிற்றூர் அது. பெயரளவில் மாநகரத்தோடு சேர்ந்துவிட்டதாயினும், அதன் தோற்றம் இன்னும் சிற்றூரின் தோற்றமே. ஒருபுறம் ஆலைகளின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கும். மறுபுறம் உவர்நிலமும் நீர்நிலையும் பரந்து கிடக்கும். கொசத்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிச் செல்லும் வழி இதுவே. பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்படும் மழைக்காலங்களில் இப்பகுதி மக்கள் ஆற்றின் நீர்மட்டத்தைக் கவலையோடு நோக்கியிருப்பர்.

இத்தகைய இடத்தில் தேனீக்கு உணவு ஏது என்று நீங்கள் வினவலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மாலைதோறும் உலாவச் செல்லும்பொழுது கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தேன். வீடுதோறும் முருங்கை, ஆங்காங்கே தென்னையும் பனையும், சாலையோரத்தே வேம்பும் புங்கமும், தரிசு நிலமெங்கும் சீமைக் கருவேலம், கழிமுகத்தை அடுத்து அலையாத்தி மரங்கள். இவற்றின் அடியில், யாரும் விதையாமலும் நீர் பாய்ச்சாமலும், தும்பையும் நெருஞ்சியும் வெட்டுக்காயப் பூண்டும் பூத்துக் கிடந்தன. சிறுவர் தாத்தாப்பூ என்று பறித்துத் தலையைச் சுண்டி விளையாடும் சிறு பூவே வெட்டுக்காயப் பூண்டின் பூ. பனியும் வெயிலும் பாராது அது பூத்தவண்ணம் இருக்கும். காலை வேளைகளில் அதன்மேல் தேனீக்கள் வந்து இறங்குவதைப் பன்முறை கண்டிருக்கிறேன்.

என்பால் முன்னாளில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், கன்னியாகுமரி மாவட்டத்தில் சில ஆண்டுகள் தங்கித் தேனீ வளர்ப்பைக் கற்றுத் திரும்பினார். அவர் ஒருநாள் இந்தியத் தேனீக் கூட்டம் ஒன்றை மரப்பெட்டியோடு கொணர்ந்து என் புறக்கடையில் வைத்தார். பெட்டியைத் தாங்கும் கால்களின்கீழ் எறும்பு ஏறாதவாறு நீர்க்கிண்ணங்களை அமைத்தார். "ஐயா, இஃது உங்களுக்கு ஒரு பாடநூல். நாள்தோறும் ஒரு பக்கம் படியுங்கள்" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை.

அப்பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். இப்பெயரைக் கேட்டதும் ஈர்ப்பு விசையைக் கண்டறிந்த அறிஞரை நினைத்துவிடாதீர்கள். இவர் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த கிறித்தவத் துறவி. நம் நாட்டுத் தேனீயின் சிற்றுடலுக்கும் சிறு கூட்டத்திற்கும் ஏற்ற பெட்டியை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்தளித்தார். அதன் கீழ்ப்பகுதி புழு அறை; மேற்பகுதி தேன் அறை. ஒவ்வோர் அறையிலும் மரச்சட்டங்கள் தொங்கும். அச்சட்டங்களில் தேனீக்கள் மெழுகால் அடை கட்டும். சட்டத்தை மெல்ல உயர்த்திப் பார்த்தால் கூட்டத்தின் குடும்ப வாழ்வு முழுவதும் நம் கண்முன் விரியும்.

அடையின் மேல்விளிம்பில் தேன் நிறைந்த அறைகள் இருக்கும். நடுவில் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வளரும் அறைகள் இருக்கும். இவ்விரண்டிற்கும் இடையே வளைந்த பட்டைபோலச் சில அறைகளில் தாது நிறைந்திருக்கும். இவ்வமைப்பைக் கண்டு நான் வியந்தேன். குழந்தையின் தொட்டிலுக்கு அருகே பால் இருப்பதுபோலப் புழுக்களுக்கு அருகே தாது இருக்கிறது. தேனீக்கள் தாதினை அப்படியே வைப்பதில்லை. அதனோடு சிறிது தேனையும் தம் உமிழ்நீரையும் கலந்து அழுத்தி வைக்கின்றன. நுண்ணுயிர்களின் செயலால் அது சற்றே புளித்துக் கெடாமல் நிற்கிறது. நம் வீடுகளில் மாவு புளிப்பதைப் போன்றது இது. அறிஞர் இதனைத் தேனீ ரொட்டி என்பர்.

இனி இவ்விரண்டு உணவுகளின் தன்மையை நோக்குவோம். மதுவும் தேனும் சர்க்கரைப் பொருள்கள். பறத்தற்கும் உழைத்தற்கும் கூட்டைச் சூடாக வைத்தற்கும் வேண்டிய ஆற்றலை அவை தருகின்றன. உடலை வளர்க்கும் புரதமும் கொழுப்பும் தாதுஉப்புகளும் உயிர்ச்சத்துகளும் பூந்தாதிலிருந்தே கிடைக்கின்றன. வண்டி ஓட எரிபொருள் வேண்டும்; வண்டியைச் செய்ய இரும்பும் மரமும் வேண்டும். தேன் எரிபொருளை ஒத்தது. தாது இரும்பையும் மரத்தையும் ஒத்தது.

தாது, புழுவைச் சென்று சேரும் வழி வியக்கத்தக்கது. பிறந்து சில நாளேயான இளந்தேனீக்கள் தேனீ ரொட்டியை வயிறார உண்கின்றன. அதன் பயனாக அவற்றின் தலையிலுள்ள சுரப்பிகள் பருத்துப் பால்போன்ற கூழ் ஒன்றைச் சுரக்கின்றன. இவையே செவிலித் தேனீக்கள். முட்டை மூன்று நாளில் பொரிந்து புழுவாகும். அப்புழுவுக்குச் செவிலியர் இக்கூழை ஊட்டுவர். பணித்தேனீயாக வளரவேண்டிய புழுவுக்கு ஏறத்தாழ மூன்று நாள் சென்றதும் தேனும் தாதும் கலந்த உணவைத் தருவர். இராணியாக வளரவேண்டிய புழுவுக்கோ வளர்ச்சி முடியும்வரை அக்கூழையே குறைவின்றி வழங்குவர். அதனால் அதற்கு அரசகூழ் என்பது பெயராயிற்று.

மாணவர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். இராணியும் பணித்தேனீயும் ஒரேவகை முட்டையிலிருந்து தோன்றுவனவே. ஒன்று முட்டையிடும் தாயாகிச் சில ஆண்டுகள் வாழ்கிறது. மற்றொன்று கடுமையாக உழைக்கும் பருவத்தில் ஆறு வாரங்களில் வாழ்வை முடிக்கிறது. இத்துணைப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது பிறப்பன்று, ஊட்டப்பட்ட உணவே. குலத்தால் உயர்வு தாழ்வு கற்பிப்போர் தேனீக் கூட்டைத் திறந்து பார்த்தல் நன்று.

நல்ல இராணிகளை வளர்த்துத் தேனீ இனத்தைப் பெருக்க விழைவோரும் இதனை நன்கு அறிவர். சிறந்த கூட்டத்தின் இளம்புழுவைத் தேர்ந்தெடுத்துச் செயற்கை அறையில் இட்டு, வேறொரு கூட்டத்தின் செவிலியரிடம் வளர்க்கவிடும் முறை உண்டு. அமெரிக்க நாட்டு டூலிட்டில் என்பார் இதனை விளக்கி 1889-இல் நூல் வெளியிட்டார். புழு எவ்வளவு உயர்ந்த வழியில் வந்ததாயினும், செவிலியர் பசித்திருந்தால் அரசகூழ் போதாது. வளரும் இராணியும் சிறுத்து, முட்டையிடும் வலிமை குன்றும். ஆண் தேனீக்களின் நிலையும் அத்தகையதே. இளமையில் புரத உணவு நிரம்பப் பெற்றால்தான் அவை நன்கு முதிர்ந்து இனப்பெருக்கத்திற்குத் தகுதியாகும். இராணி வானில் பறந்து பல ஆண் தேனீக்களோடு கூடியபின் கூட்டுக்குத் திரும்பும். அப்பயணத்தின் வெற்றி, பல வாரங்களுக்கு முன்னரே வயலிலும் வழியோரத்திலும் பூத்த பூக்களால் உறுதி செய்யப்படுகிறது. நல்ல விதைக்கு நல்ல நிலமும் வேண்டுமன்றோ?

கோடையில் என் வீட்டுக் கூட்டம் செழித்திருந்தது. வேம்பும் புங்கமும் பூத்தன; பின்னர்ப் புளி பூத்தது. தேனீக்கள் விடியலில் புறப்பட்டு அந்திவரை ஓயாது உழைத்தன. வாயிலருகே அமர்ந்து, எத்தனை தேனீக்கள் காலில் தாதோடு திரும்புகின்றன என எண்ணுவது எனக்குப் பொழுதுபோக்காயிற்று. பின்பு ஐப்பசி வந்தது. வடகிழக்குப் பருவமழை இடைவிடாது பெய்தது. மழை பெய்யும்பொழுது தேனீக்கள் வெளியேறுவதில்லை. மழை நின்றபொழுதும் பூக்களின் தாது நனைந்தும் கரைந்தும் கிடந்தது. பல நாள் வாயிலருகே அமர்ந்தும் காலில் உருண்டை தாங்கி வரும் ஒரு தேனீயையேனும் நான் காணவில்லை.

மழை ஓய்ந்த ஒருநாள் நண்பகலில் என் மாணவர் வந்து பெட்டியைத் திறந்தார். தேன் அறையில் தேன் இருந்தது. அதனைக் கண்டு, "தம்பி, உணவு போதிய அளவு இருக்கிறதே, கவலையில்லை" என்றேன். அவர் புழு அறையின் சட்டம் ஒன்றை உயர்த்தி என்னிடம் காட்டினார்.

"ஐயா, தேன் இருக்கிறது, தாது இல்லை. இதோ, தாதுப் பட்டை இருந்த இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. முட்டைகள் மிகச் சில. புழுக்களோ அவற்றினும் சில. பெரியவர்கள் பசியாறலாம். பிள்ளைகளை வளர்க்க இக்கூட்டத்திடம் ஒன்றும் இல்லை" என்றார்.

தேன் நிறைந்த வீட்டில் பஞ்சம்! இதனை என்னால் எளிதில் ஏற்க இயலவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். தாது குறைந்தால் செவிலியர் முதலில் தம் உடலில் சேர்த்துவைத்த புரதத்தைக் கரைத்துப் புழுக்களை ஊட்டுவர். அஃதும் குறைந்தால் இராணிக்கு ஊட்டும் கூழைக் குறைப்பர். இராணியும் முட்டையிடுதலைக் குறைத்துக்கொள்ளும். மேலும் வறுமை முற்றினால் முட்டைகளையும் இளம்புழுக்களையும் தாமே உண்டு, அவற்றிலுள்ள சத்தைக் கூட்டத்திற்குள்ளேயே காத்துக்கொள்வர். ஆண் தேனீக்களைக் கூட்டைவிட்டு வெளியேற்றுவர். இவை கொடுமையாகத் தோன்றினும், கூட்டம் முழுவதும் அழியாமல் காக்கும் வழிகளே. இறந்துபடும் முதிய தேனீக்களுக்கு ஈடாக இளையவை பிறவாமையால் கூட்டம் நாளுக்குநாள் சுருங்கும். காவல் குறைந்த அடைகளில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து வலை பின்னும். இவ்வளவிற்கும் இடம் கொடாமல், நம் நாட்டுத் தேனீ பெரும்பாலும் வேறொரு முடிவைக் கொள்ளும். ஒருநாள் கூட்டம் முழுவதும் பெட்டியைவிட்டு எழுந்து, உணவுள்ள இடம் தேடிப் பறந்துவிடும். நல்குரவால் ஊரைவிட்டு வெளியேறும் குடும்பத்தைப் போன்றது அது.

"குமரி மாவட்டத்திலும் இதனையே கண்டேன், ஐயா" என்று அவர் தொடர்ந்தார். அவர் கூறியவற்றை இங்கே சுருக்கித் தருகிறேன்.

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், தேனுக்குப் புகழ்பெற்ற ஊர். திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்த அப்பகுதி, 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன்னரே, 1920-களில், கிறித்தவ இளைஞர் சங்கத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹேட்ச் என்னும் அமெரிக்கர் அங்கே சிற்றூர்ச் சீரமைப்புப் பணியை நடத்தினார். ஏழை உழவர் தம் வருவாயைப் பெருக்கிக்கொள்ளும் பொருட்டுத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அன்று தொடங்கிய தொழில் இன்றும் பல்லாயிரம் வீடுகளில் நடைபெறுகிறது.

அங்கே தேனை வழங்கும் பெருங்கொடையாளி ரப்பர் மரம். அது பூவில் மட்டும் மதுவைச் சுரப்பதில்லை. பழைய இலைகளை உதிர்த்துப் புதுத்தளிர் விடும் காலத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்திலுள்ள சிறு சுரப்பிகளில் மது ஊறும். தோட்டம் முழுவதும் தளிர்க்கும்பொழுது தேன் வெள்ளமெனப் பெருகும். ஆயின், இலைக்காம்பில் மது உண்டேயன்றித் தாது ஏது? புழுக்களை வளர்க்க வேண்டிய தாதுக்குத் தேனீக்கள் தென்னையையும் பிற மரங்களையும் வரப்போரப் பூண்டுகளையுமே நாடவேண்டும். ஆதலின், ரப்பர்க் காடு மட்டும் சூழ்ந்த இடத்தில் தேன் மிகும், பிள்ளைகள் மிகமாட்டா. தேன் பருவம் முடிந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மதுவும் அருகிவிடும். அப்பொழுது அங்குள்ள தேனீ வளர்ப்போர் சர்க்கரைப் பாகு ஊட்டிக் கூட்டங்களைக் காப்பர். கூட்டங்களை அடுத்த பருவம்வரை வலிமையோடு வைத்திருப்பவரே மிக்க தேனைப் பெறுவர்.

1991, 1992-ஆம் ஆண்டுகளில் அத்தொழிலுக்குப் பேரிடி விழுந்தது. தாய்லாந்தின் பெயரால் வழங்கும் வைரசு நோய் ஒன்று பரவியது. அந்நோய் கண்ட புழு, நீர் நிறைந்த சிறு பைபோல் ஆகி மடியும். தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களுள் மிகப்பல அழிந்தன, பெட்டிகள் வெறுமையாயின. பல குடும்பங்கள் வருவாய் இழந்து வருந்தின. அந்நோய்க்கு உணவுக் குறை காரணமன்று, வைரசே காரணம். நல்லுணவு அதற்கு மருந்தும் அன்று. எனினும், நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களிலிருந்தே இனம் மீண்டும் பெருகியது. எஞ்சியவை பெருகுதற்கு உணவு வேண்டும். மெலிந்த கூட்டம் ஒரு நோயிலிருந்து தப்பினும் அடுத்த இடரில் வீழும். வலிய கூட்டம் மடிந்த புழுக்களை அகற்றிப் புதிய புழுக்களை வளர்க்கும். ஆகவே, நல்ல உணவை நோய்க்கு எதிரான முதல் மதில் எனலாம்.

பிற நாட்டு அறிஞர் கண்ட முடிவுகளும் இதற்கு அரண் செய்கின்றன. டி குரூட் என்னும் ஆய்வாளர் 1953-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தேனீயின் வளர்ச்சிக்குப் பத்து அமினோ அமிலங்கள் இன்றியமையாதன என்று காட்டினார். அமினோ அமிலங்களாவன புரதம் என்னும் மாளிகையின் செங்கற்கள். எல்லாப் பூவின் தாதிலும் இப்பத்தும் போதிய அளவில் அமைவதில்லை. ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்யவேண்டும். 2010-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் சிலர், ஒரே வகைத் தாது உண்ட தேனீக்களையும் பல வகைத் தாது உண்ட தேனீக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். தேனையும் புழுவுக்குரிய உணவையும் கிருமியிலிருந்து காக்க உதவும் ஒருவகை நொதி, பலவகைத் தாது உண்டவற்றில் மிகுந்திருக்கக் கண்டனர். அளவால் மட்டுமன்றி வகையாலும் உணவு நிறைதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வாதுமைத் தோட்டங்கள் உள்ளன. ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் அவை பூக்கும்பொழுது, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட தேனீப் பெட்டிகள் சுமையுந்துகளில் அங்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. பூக்கும் சில வாரங்களில் பெருவிருந்து. பூ உதிர்ந்தபின் வேறு பூ இல்லாத இடங்களில் பட்டினி. 2006-ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் அந்நாட்டில் தேனீக் கூட்டங்கள் பெருந்தொகையாய் மறைந்தபொழுது, ஒட்டுண்ணி, நோய், பூச்சிமருந்து என்பவற்றோடு ஊட்டக் குறைவையும் அறிஞர் காரணமாகச் சுட்டினர். செல்வம் மிக்க நாட்டிலும் ஒரே பூவை நம்பிய தேனீக்கு வறுமை வந்துவிடுகிறது.

இனி, என் வீட்டுக் கூட்டத்திற்கு வருவோம். என் மாணவர் உடனடியாக இரண்டு செயல்களைச் செய்தார். தேன் அறையிலிருந்து ஒரு துளியும் எடுக்கலாகாது என்றார். எண்ணெய் நீக்கிய சோயா மாவோடு ஈஸ்டையும் சர்க்கரைப் பாகையும் பிசைந்து, சிறு அடையாகத் தட்டிப் புழு அறையின் சட்டங்கள்மேல் வைத்தார். மழை நீண்டு தேனும் குறைந்தால், வெள்ளைச் சர்க்கரையையும் நீரையும் சம அளவில் கலந்து மாலை வேளையில் பெட்டிக்குள் வைக்குமாறு கூறினார். பகலில் வைத்தால் அம்மணத்தை முகர்ந்து பிற கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையிட வரும். வெல்லம் ஆகாது, அது தேனீயின் குடலைக் கெடுக்கும். முன்பின் அறியாத தேனையும் ஊட்டலாகாது. அதன்வழி நோய் பரவக்கூடும். "ஆயினும் ஐயா, இவை கஞ்சித்தொட்டி போன்றவை. பஞ்சத்தில் உயிரைக் காக்கும், விளைச்சலுக்கு ஈடாகா. பூவுக்கு நிகர் பூவே" என்று கூறி விடைபெற்றார்.

பூவுக்கு எங்கே போவது? என் வீட்டின் பின்னால் ஒரு வெற்றுமனை உண்டு. மழையால் அதில் வெட்டுக்காயப் பூண்டும் தும்பையும் நெருஞ்சியும் தழைத்துவிட்டிருந்தன. தென்னையைத் தவிர, அம்மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தாது தரக்கூடியவை அவையே. அதே வாரத்தில் தெரு மக்கள் கூடி அம்மனையை முழுவதும் செதுக்கித் தூய்மை செய்ய முடிவு செய்தனர். அவர்கள் கூற்றில் நியாயம் இருந்தது. புதரில் பாம்பு இருக்கும். நீர் தேங்கிக் கொசு பெருகும். பள்ளி செல்லும் பிள்ளைகள் அவ்வழியே நடக்கின்றனர். எதிர்வீட்டு அம்மையார், "ஐயா, உங்கள் ஈக்குப் பூ வேண்டும் என்பதற்காக எங்கள் பிள்ளைகளைப் பாம்பு கடிக்கலாமா?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு இலக்கணமும் இலக்கியமும் விடை கூறா.

நான் அவரை மறுத்துப் பேசவில்லை. அனைவரையும் பெட்டியருகே அழைத்து, வெறுமையாய்க் கிடந்த தாது அறைகளைக் காட்டினேன். அவர் வீட்டு முருங்கை பூத்தபொழுது இத்தேனீக்களே அதில் மொய்த்தன என்பதை நினைவூட்டினேன். அம்மையார் நெடுநேரம் அடையை நோக்கினார். பிறகு, "பிள்ளைக்குப் பால் இல்லாத வீடு மாதிரி இருக்கிறதே" என்றார். அன்று மாலை ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நடைபாதையும் அதன் இருபுறமும் நன்கு செதுக்கப்படும்; நீர் தேங்கும் பள்ளம் தூர்க்கப்படும்; மதிலோரமாக உள்ள ஒரு பட்டை நிலத்தில் மட்டும் பூண்டுகள் முழங்காலுக்குமேல் வளராதவாறு அவ்வப்பொழுது கழித்துப் பூக்கவிடப்படும். பிள்ளைகள் அதன் ஓரத்தில் துளசியும் எள்ளும் விதைத்தனர்.

கார்த்திகை முழுவதும் அச்சத்தோடு கழிந்தது. விடியலில் எழுந்ததும் பெட்டியின் வாயிலில் தேனீக்கள் உள்ளனவா என்று பார்ப்பதே என் முதற்கடன் ஆயிற்று. மார்கழியில் மழை விட்டது. பனி நீங்கிய ஒரு காலைப்பொழுதில், காலில் மஞ்சள் உருண்டை தாங்கிய தேனீ ஒன்று வாயிலில் வந்து இறங்கியது. அதன்பின் மற்றொன்று, அதன்பின் பல. தை பிறந்தபின் என் மாணவர் வந்து சட்டத்தை உயர்த்தினார். நடுவில் முட்டைகள் வரிசையாக நின்றன. புழுக்கள் வெண்முத்துப்போல் கூழில் கிடந்தன. அவற்றைச் சுற்றித் தாதுப் பட்டை மீண்டும் வளைந்திருந்தது. அவ்வாண்டு நாங்கள் தேன் எடுக்கவில்லை. கூட்டம் எங்களைவிட்டுப் போகவில்லை என்பதே பெரும்பேறாக இருந்தது.

இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் நம் பள்ளிகளின் வரலாறு என் நினைவுக்கு வரும். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-இல் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கினர். காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலத்தில் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பின்னர் முட்டையும் பயறும் அவ்வுணவில் சேர்ந்தன. 2022-இல் காலை உணவும் வந்தது. பசியாற்றுதல் ஒன்று, உடலை வளர்த்தல் மற்றொன்று. சோறு வயிற்றை நிரப்பும். பருப்பும் முட்டையும் கீரையும் உடலைக் கட்டும். 'சத்துணவு' என்று பெயரிட்டோர் தேனுக்கும் தாதுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தோரே ஆவர்.

மாணவர்களே, ஒரு நாட்டின் செல்வத்தை அதன் களஞ்சியத்தால் மட்டும் அளத்தல் போதாது. அதன் குழந்தைகளுக்கு ஊட்டப்படும் உணவாலும் அளத்தல் வேண்டும். ஒரு கூட்டின் வளத்தையும் அதன் தேனறையை மட்டும் கண்டு முடிவு செய்தலாகாது. புழு அறையையும் திறந்து காணவேண்டும். நாம் களை என்று இகழும் சிறு பூண்டு, தேனீக்குப் பஞ்சகாலத்துப் பால். தேனீயின்றி நம் முருங்கையும் பூசணியும் எள்ளும் நிறைந்த காய்ப்புக் காண்பது அரிது. ஆகவே, அச்சிறு பூண்டு நமக்கும் ஒருவகையில் உணவளிக்கிறது. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு முழ நிலம் இருந்தாலும் போதும். ஒரே செடியை நிரப்பாமல், பருவத்துக்கு ஒன்றாகப் பூக்கும் பல செடிகளை வளருங்கள். பூத்திருக்கும் வேளையில் பூச்சிமருந்து தெளியாதீர்கள். காலையில் அங்கே வந்து இறங்கும் தேனீயின் பின்னங்காலை உற்று நோக்குங்கள். அதில் தாது இருக்குமாயின், எங்கோ ஒரு கூட்டில் குழந்தைகள் வளர்கின்றன என்று அறிந்து மகிழுங்கள்.